கடல் கடக்கும் கோரைப்பாய்: இணையச் சந்தையும் அயல்நாட்டு வாணிகமும்

முன்னுரை

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் தாமிரபரணி, தமிழ் வாணிக வரலாற்றில் தனியிடம் பெற்ற ஆறாகும். அதன் கழிமுகத்தை ஒட்டிக் கொற்கையும் காயலும் புகழ்பெற்ற துறைமுகங்களாய் விளங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றிக் குறிப்பெழுதிய மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய மேற்றிசைத் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலங்கள் காயலைத் தொட்டே சென்றன என்று குறித்துள்ளார். அதே ஆற்றின் மேற்பகுதியில், திருநெல்வேலிக்கு மேற்கே, பத்தமடை என்னும் பேரூர் அமைந்துள்ளது. ஆற்றங்கரையில் விளையும் கோரையைக் கீறி, ஊறவைத்து, சாயமேற்றி, பட்டுத்துணி போன்ற பாயாக நெய்யும் இசுலாமியக் குடும்பங்கள் பல அங்கு வாழ்ந்து வருகின்றன.

கழிமுகத்து வணிகர் கடல் கடந்தனர். கரையோரத்து நெசவாளரோ ஊரிலேயே தங்கினர். பாய் மட்டும் பல கைகள் மாறி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றது. கைமாறுந்தோறும் விலை ஏறியது. ஏறிய விலை நெய்தவர் கைக்கு வருவது அரிதாயிற்று. இன்று இணையச் சந்தை என்னும் ஏற்பாடு, பத்தமடையில் தறியின்முன் அமர்ந்திருப்பவர் இலண்டனில் இருப்பவரிடம் தம் பாயைத் தாமே காட்டி விற்கும் வழியைத் திறந்துள்ளது. அவ்வழி எவ்வாறு இயங்குகிறது, அதில் நடப்போர் அறிந்திருக்க வேண்டியவை யாவை, அதனால் பயன் பெறுவோர் யாவர் என்பவற்றைப் பத்தமடைப் பாயையே சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையச் சந்தை என்பது யாது?

சந்தை வேறு, கடை வேறு. கடைக்காரர் சரக்கைத் தாம் வாங்கி வைத்து விற்பார். சந்தையின் உரிமையாளரோ இடம் தருவார்; விற்போரும் வாங்குவோரும் அங்கே கூடுவர்; இடத்திற்குரிய கட்டணத்தை அவர் பெற்றுக்கொள்வார். நம் ஊர்களில் கூடும் வாரச் சந்தையின் முறை இதுவே. இணையச் சந்தையும் இம்முறையிலேயே அமைந்தது. சரக்கு விற்பவருடையது; காட்சியிடமும் கணக்கும் சந்தையினுடையவை.

1995 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பியேர் ஒமிடியார் என்பவர் ஏலத்தளம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் ஈபே எனப் பெயர்பெற்ற அத்தளத்தில் முதலில் விலைபோன பொருள் பழுதடைந்த லேசர் சுட்டுகோல் ஒன்று எனக் கூறுவர். அது 14 டாலர் 83 சென்டுக்கு விலைபோயிற்று. பொருள் பழுதானது என்பதை வாங்கியவர் அறிவாரா எனக் கேட்டபோது, பழுதானவற்றைத் திரட்டுவதே தம் விருப்பம் என்று அவர் விடை கூறினாராம். குறையுள்ள பொருளும், குறையைச் சொல்லி விற்றால் அதற்குரியவரைச் சென்றடையும் என்பதற்கு இஃது ஒரு சான்று. மறுஆண்டே, விற்பவரைப் பற்றி வாங்கியவர் கருத்துரைக்கும் முறை அத்தளத்தில் அமைந்தது. 1999இல் சீனத்தில் தோன்றிய அலிபாபா மொத்த வணிகர்க்கும், 2005இல் அமெரிக்காவில் தோன்றிய எட்சி கைவினைஞர்க்கும் இடமளித்தன. இந்திய விற்பனையாளர் அயல்நாட்டு மக்களுக்கு விற்பதற்கான திட்டத்தை அமேசான் 2015இல் தொடங்கியது.

இவை யாவும் ஒரே சிக்கலுக்கு விடைகாண முயன்றவை. முன்பின் அறியாத இருவர், முகம் காணாமல், ஒருவர் பொருளையும் மற்றவர் பணத்தையும் எவ்வாறு நம்பிக் கொடுப்பது என்பதே அச்சிக்கல். இது புதியதன்று. 12ஆம் நூற்றாண்டில் ஏடனில் இருந்த வணிகர்கள் மங்களூரில் இருந்த தம் கூட்டாளிக்கு எழுதிய மடல்கள் இன்றும் கிடைக்கின்றன. சரக்கின் அளவு, தரம், கணக்கு, குறை ஆகியவை அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. அக்காலத்தில் ஒருவருடைய நாணயத்திற்கு உறவும் ஊரும் சாட்சி நின்றன. இன்று வாங்கியோர் இடும் மதிப்பீடு சாட்சி நிற்கிறது. பணமும் உடனே கைமாறுவதில்லை. வாங்குபவர் செலுத்திய தொகையைச் சந்தை தன்னிடம் நிறுத்திவைத்து, சரக்கு அனுப்பப்பட்ட பின்னரோ சென்று சேர்ந்த பின்னரோ, தான் வகுத்த தவணைப்படி விற்றவருக்கு வழங்குகிறது. நம் இல்லங்களில் வழங்கும் ‘அமானிதம்’ என்னும் சொல் இவ்வேற்பாட்டின் உட்கருத்தை நன்கு விளக்கும்.

பாயும் சொல்லும்

கடையில் பாய் வாங்குபவர் அதை விரித்துப் பார்ப்பார், தடவுவார், ஓரத்தை மடித்து நோக்குவார். அயல்நாட்டவருக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. அவர் கண் நமது புகைப்படம்; அவர் விரல் நமது சொல். ஆகவே சரக்கைப் பற்றிய விளக்கம் விளம்பரமாக அன்றி, வாக்குமூலமாக அமைதல் வேண்டும்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் சென்டிமீட்டரிலும் அங்குலத்திலும் தரப்பட வேண்டும். பாவு பருத்தியா பட்டா, சாயம் இயற்கையா செயற்கையா, தறி கைத்தறியா விசைத்தறியா என்பன ஐயமின்றிக் கூறப்பட வேண்டும். கோரை இயற்கைப் பொருள் ஆதலின் ஒரு பாயின் நிறம் மற்றொன்றை முற்றும் ஒத்திராது. புதுப் பாயில் புல்லின் மணம் இருக்கும். நெடுநாள் வெயிலில் கிடந்தால் நிறம் மங்கும். ஈரத்தில் கிடந்தால் பூசணம் பற்றும். இவற்றை மறைத்தவருக்குச் சரக்கு திரும்பி வரும். முன்னரே எழுதியவருக்கு, வாங்கியவர் அதே செய்தியைப் பாராட்டாக எழுதுவார்.

தேடுவோர் கையாளும் சொல்லையும் அறிதல் வேண்டும். பத்தமடை என்னும் பெயரை அறியாத அயல்நாட்டவர் ‘கிராஸ் மேட்’ என்றோ ‘நேச்சுரல் மேட்’ என்றோ தேடுவர். அச்சொற்கள் தலைப்பில் இருப்பின் பாய் அவர் கண்ணில் படும். ஆயின் தேடலில் முந்தும் பொருட்டுப் பொருந்தாச் சொற்களை அடுக்குதல் தவறு. உறங்குவதற்கென நெய்த மெல்லிய பாயை உடற்பயிற்சிப் பாய் என விற்றால், அது கிழிந்த அன்றே விற்றவர் பெயரும் கிழியும்.

இங்குப் புவிசார் குறியீடு பற்றியும் கூறுதல் வேண்டும். 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ்ப் பத்தமடைப் பாய் இக்குறியீட்டைப் பெற்றுள்ளது. வேற்றூரில் பொறியால் நெய்த பாயைப் பத்தமடைப் பாய் எனக் கூறி விற்பது இந்நாட்டில் சட்டமீறலாகும். ஆனால் இந்நாட்டுப் பதிவு பிறநாடுகளில் தானாகவே செல்லுபடியாகாது; அந்தந்த நாட்டின் சட்டப்படி தனியே காப்புப் பெற வேண்டும். எனவே அயல்நாட்டுச் சந்தையில் போலிப் பாய்க்கு எதிராக நெசவாளரிடம் உடனடியாக உள்ள கருவி, தாம் நெய்யும் முறையைப் படத்தாலும் சொல்லாலும் தெளிவுறக் காட்டுவதேயாகும்.

சட்டம் கேட்கும் சான்றுகள்

அயல்நாட்டு வாணிகம் என்றவுடன் உரிமங்களை எண்ணி அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் தேவையற்றது. முதலாவது வேண்டுவது ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண். அயல்நாட்டு வாணிகத் தலைமை இயக்ககத்தின் இணையத்தளத்தில் 500 ரூபாய் செலுத்தி இதனைப் பெறலாம். வருமானவரித் துறை வழங்கிய பான் எண்ணே குறியீட்டெண்ணாகவும் அமையும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள காலத்தில் விவரங்களை உறுதிசெய்தல் வேண்டும்; தவறின் குறியீடு செயலிழக்கும்.

இரண்டாவது, வாணிகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. மூன்றாவது, சரக்கு மற்றும் சேவை வரி. 2017இல் நடைமுறைக்கு வந்த இவ்வரியில் ஏற்றுமதிக்கு வரிவிகிதம் சுழியாகும். உறுதிப் பத்திரம் ஒன்றை நிதியாண்டுதோறும் அளித்து வரி செலுத்தாமலே அனுப்பலாம். அல்லது வரியைச் செலுத்திப் பின்னர்த் திரும்பப் பெறலாம். கையில் முதல் குறைந்தோர்க்கு முன்னதே ஏற்றது.

நான்காவது, சரக்கின் வகைப்பாட்டு எண். உலக நாடுகள் சரக்குகளைப் பொதுவான எண்முறையால் வகுத்துள்ளன. தாவர நார், புல் முதலியவற்றால் முடைந்த பாய்கள் 4601 என்னும் தலைப்பின்கீழ் அடங்கும். அயல்நாட்டுச் சுங்க அலுவலர் நம் பாயை இவ்வெண்ணைக் கொண்டே அடையாளம் காண்கிறார். எண் தவறினால் வரியும் தவறும். பொதியும் துறையில் தங்கும்.

விலையும் எடையும்

புதிதாக இத்துறைக்கு வருவோர் பெரும்பாலும் இடறுவது விலைக் கணக்கிலாகும். விளக்கத்தின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். நெசவுக்கூலியும் மூலப்பொருளும் 5,000 ரூபாய், பெட்டி 300 ரூபாய், அனுப்பும் செலவு 3,000 ரூபாய் எனக் கொள்வோம். மொத்தம் 8,300 ரூபாய். சந்தைக் கட்டணமும் பணமாற்றுக் கட்டணமும் சேர்ந்து விற்பனை விலையில் 15 விழுக்காடு என்க. 8,300 ரூபாயுடன் அதன் 15 விழுக்காட்டைக் கூட்டி 9,545 ரூபாய் என விலையிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் கட்டணம் கணக்கிடப்படுவது அடக்க விலைமீதன்று, விற்ற விலைமீது. 9,545இல் 15 விழுக்காடு ஏறத்தாழ 1,432 ரூபாய். அது போக எஞ்சுவது 8,113 ரூபாய். ஆக, ஒவ்வொரு பாய்க்கும் 187 ரூபாய் இழப்பு. அடக்க விலையை 0.85 ஆல் வகுக்க வரும் 9,765 ரூபாயே இழப்பின்றி விற்கும் எல்லை. 10,000 ரூபாய்க்கு விற்றால் மிச்சம் 200 ரூபாய். ஒரே ஒரு பாயை இரண்டாம் முறை அனுப்ப நேர்ந்தால், அந்த 3,000 ரூபாய் 15 பாய்களின் ஊதியத்தை விழுங்கிவிடும்.

அடுத்தது எடை. தூதஞ்சல் நிறுவனங்கள் உண்மை எடையோடு கன அளவால் வரும் எடையையும் கணக்கிட்டு, இரண்டில் மிகுந்ததற்கே கட்டணம் வாங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000 ஆல் வகுத்துக் கிலோகிராமாகக் கொள்வது பெருவழக்கு. 100 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் வீதம் அகலமும் உயரமும் உள்ள பெட்டிக்கு இக்கணக்கால் 4.5 கிலோ வரும்; உள்ளிருக்கும் பாய் ஒரு கிலோவாக இருப்பினும் கட்டணம் நாலரைக் கிலோவுக்கே. அதே பாயை இறுகச் சுருட்டி, அகலமும் உயரமும் 8 சென்டிமீட்டராகக் குறைத்தால் எடை 1.28 கிலோவாக இறங்கும். நயமான பாய் இறுகச் சுருட்ட இடங்கொடுக்கும். முரட்டுப் பாய் கொடாது. நெசவின் நுண்மை அனுப்பும் செலவையும் குறைப்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சுங்கமும் அஞ்சலும்

சிறு விற்பனையாளர்க்கு இந்திய அஞ்சல்துறை ஏற்ற துணையாகும். 2022 முதல் அஞ்சல் நிலையங்களில் ஏற்றுமதிக்கெனத் தனி மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அஞ்சல்வழி ஏற்றுமதிப் பட்டியலைக் கணிப்பொறி வழியாகவே பதியலாம். பொதியின்மேல் ஒட்டும் சுங்க அறிக்கையில் பொருளின் பெயர், எடை, விலை, உற்பத்தியான நாடு ஆகியவற்றை உள்ளவாறே எழுதுதல் வேண்டும். வாங்குபவர் வரியைக் குறைக்கும் பொருட்டு விலையைத் தாழ்த்தி எழுதுமாறும், ‘அன்பளிப்பு’ என எழுதுமாறும் சிலர் கேட்பதுண்டு. இதற்கு இணங்கலாகாது. அது பொய்ச் சான்று. பொதி தொலைந்தால் இழப்பீடும் தாழ்த்தி எழுதிய தொகைக்கே கிடைக்கும்.

சிறு பொதிக்கு வரியில்லை என்றிருந்த காலம் மாறிவருகிறது. 2021 ஜனவரியில் பிரிட்டனும், அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியமும் குறைந்த விலைப் பொருள்களுக்கு அளித்துவந்த மதிப்புக்கூட்டு வரிவிலக்கை நீக்கின. 800 டாலர் வரையுள்ள பொதிகளுக்கு அளித்துவந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்டு 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அம்மாற்றத்தை ஒட்டி, அந்நாட்டுக்குச் சரக்குப் பொதிகள் ஏற்பதை இந்திய அஞ்சல்துறை ஆகஸ்டு 25 முதல் நிறுத்திவைத்து, தீர்வையை இங்கேயே செலுத்தும் முறையை வகுத்து, அக்டோபர் 15 முதல் மீண்டும் தொடங்கியது. அவ்வேழு வாரங்களில் அஞ்சலை மட்டுமே நம்பியிருந்த சிறு விற்பனையாளர் பட்ட இன்னலை எண்ணிப் பார்த்தல் எளிது. ஒரு நாட்டை மட்டும், ஒரு வழியை மட்டும், ஒரு சந்தையை மட்டும் சார்ந்திருத்தல் தகாது என்பதே இதன் பாடம். ஈபேயின் இந்திய உள்நாட்டுத் தளம் 2018 ஆகஸ்டு 14 அன்று மூடப்பட்டபோது, அதில் பலர் ஆண்டுக்கணக்கில் ஈட்டிய மதிப்பீடுகளும் பயனற்றுப் போயின.

தாவரப் பொருளாகிய பாய்க்கு மற்றொரு காவலும் உண்டு. பூச்சியும் விதையும் மண்ணும் ஒட்டிவரக் கூடாது என்பதில் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் மிகுந்த கண்டிப்புடையவை. பாயை நன்கு உலர்த்தித் துடைத்து அனுப்புவதோடு, அந்நாடு கேட்கும் சான்றுகளை முன்னரே கேட்டறிதல் நன்று.

பணம் வரும் வழி

அயல்நாட்டவர் செலுத்தும் பணம், ரிசர்வ் வங்கியின் இசைவு பெற்ற இடைநிறுவனங்கள் வாயிலாக இந்திய ரூபாயாக விற்பவர் கணக்கை அடைகிறது. நாணய மாற்றில் சிறிது கழியும்; அதையும் விலையில் சேர்த்தல் வேண்டும். ஏற்றுமதிப் பணம் குறித்த காலத்திற்குள் நாட்டுக்குள் வந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆதலின் ஒவ்வொரு பொதிக்கும் விலைப்பட்டியல், அஞ்சல் பதிவு, வங்கி வரவு ஆகிய மூன்றையும் ஒரே எண்ணின்கீழ்க் கோத்து வைத்தல் இன்றியமையாதது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சந்தைக்கு வெளியே பணம் தருவதாகக் கூறுவோரும், கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிகுதியைத் திருப்பியனுப்புக என்போரும் பெரும்பாலும் வஞ்சகரே. சந்தையின் காப்பு, சந்தைக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டுமே உண்டு.

திரும்பி வரும் சரக்கு

காணாமல் வாங்கியவருக்குக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு என்பது இசுலாமியச் சட்ட மரபில், குறிப்பாக ஹனஃபி அறிஞரிடையே, நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்றைய நுகர்வோர் சட்டமும் இதையொத்த உரிமையை வழங்குகிறது. தொலைவிலிருந்து பொருளை வாங்கியவர் அதனைப் பெற்ற 14 நாள்களுக்குள், காரணம் கூறாமலே மறுக்கலாம். ஆனால் வாங்குபவரின் குறிப்புக்கேற்பத் தனியே செய்த பொருளுக்கு இவ்வுரிமை இல்லை. பத்தமடையில் மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தரும் வழக்கம் உண்டு. அத்தகைய மணப்பாய் இவ்விலக்கினுள் அடங்கும். எனினும் பெயரின் எழுத்துகளை வாங்குபவரிடம் எழுத்து வடிவில் உறுதிசெய்த பின்னரே நெசவைத் தொடங்க வேண்டும். எழுத்துப் பிழை நெய்பவரின் பிழையானால் எந்த விலக்கும் காவாது.

யாருக்குப் பயன்?

இவ்வளவும் கற்றவர் ஒருவர், நெசவாளரிடம் பழைய விலைக்கே பாயை வாங்கி, இணையத்தில் பன்மடங்கு விலைக்கு விற்பாராயின், இடைத்தரகர் மாறினாரேயன்றி நிலைமை மாறவில்லை. நெகிழிப் பாயும் விசைத்தறிப் பாயும் மலிந்த இந்நாளில், நாள்கணக்கில் அமர்ந்து நுண்பாய் நெய்பவருக்கு அவ்வுழைப்புக்கேற்ற ஊதியம் கிடைக்காவிடில், அவர் மக்கள் அத்தறியின்முன் அமரார். தறியில் அமர ஆளில்லாத ஊரின் பாய்க்குக் குறியீடு இருந்தும் பயனில்லை.

நெசவாளர் தனித்தனியே இப்பணிகளைச் செய்தல் அரிது என்பது உண்மையே. பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒன்றுகூடி ஒரே பெயரில் பதிவுபெற்று, கணக்கைப் பொதுவில் வைத்து, ஒவ்வொரு பாய்க்கும் நெய்தவர் பெயரையும் அவர் பெறும் தொகையையும் குறித்துவைத்தால், அது இயலும். பெரும்பொருள் இதற்கு வேண்டா; நம்பத்தக்க ஒரு கணக்கரும், கணிப்பொறி அறிந்த ஓரிருவரும் போதும்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே, அக்கணக்கரும் கணிப்பொறி அறிந்தோரும் உங்களுள் இருக்கின்றனர். வணிகவியல் மாணவர் விலைக் கணக்கையும் வரிக் கணக்கையும் எழுதித் தரலாம். தமிழ்த்துறை மாணவர்க்கும் இதில் பங்குண்டு. பாவு, ஊடு, கோரைக் கீற்று, சாயம் என நெசவாளர் நாவில் வழங்கும் சொற்களைக் கேட்டு, ஒரு பாய் உருவாகும் முறையைப் பிழையின்றித் தமிழில் முதலில் எழுதுங்கள். செம்மையாகத் தமிழில் எழுதப்பட்டதே செம்மையாக ஆங்கிலத்தில் பெயர்க்கப்படும். ஊர்ப் பெரியோர்களே, குடும்பங்களை ஒன்றுகூட்டுவதும் பொதுக்கணக்குக்குச் சாட்சி நிற்பதும் உங்களால் இயலும் பணிகள். ஆசிரியப் பெருமக்கள் ஒரு விடுமுறைக் காலத்தை இதற்கு ஒதுக்கினும் போதும்.

காயல் துறையில் கலம் ஏற்றிய வணிகருக்குக் காற்றும் கடலும் தடையாக இருந்தன. இன்றுள்ள தடைகள் அறியாமையும் தனிமையுமே. இவை கல்வியாலும் கூட்டுறவாலும் நீங்கக்கூடியவை. நெய்தவர் பெயரோடு, நேர்மையான அளவோடு, தக்க விலையோடு ஒரு கோரைப்பாய் கடல் கடப்பதற்கு நாம் துணைநிற்போமாக.